நார்ச்சத்தும் உடல் எடையும்: நம் சாப்பாட்டிலிருந்தே தொடங்கும் முழுமையான வழிகாட்டி

நார்ச்சத்து கொழுப்பைக் கரைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், ஒரு ஸ்பூன் சியா விதை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகள் எல்லாம், ஏதோ உள்ளே போய்த் தொப்பையைச் சுரண்டி எடுத்துவிடும் என்கிற தோரணையில்தான் பேசுகின்றன. நார்ச்சத்து செய்கிற வேலை அதைவிடச் சாதாரணமானது. வயிற்றில் இடத்தை அடைக்கிறது, சாப்பாடு இரைப்பையிலிருந்து இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, அடுத்த பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. அதனால் நாம் அறியாமலே சற்றுக் குறைவாகச் சாப்பிடுகிறோம். எடை இறங்குவது அந்தக் குறைவால்தான்.

எவ்வளவு இறங்கும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 240 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. எல்லாருமே தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று இரண்டு மூன்று தொந்தரவு சேர்ந்தவர்கள். பாதிப் பேருக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: தினமும் 30 கிராம் நார்ச்சத்து சாப்பிடுங்கள். மீதிப் பேருக்கு அமெரிக்க இதய சங்கத்தின் முழு உணவுத் திட்டம்: உப்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, மீன் இத்தனை தடவை என்று நீளமான பட்டியல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவினர் சராசரியாக 2.1 கிலோவும், இரண்டாவது பிரிவினர் 2.7 கிலோவும் குறைந்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு இரண்டு கிலோ என்பது விளம்பரத்துக்கு உதவாத எண். ஆனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டவர்கள், பெரிய பட்டியலைப் பின்பற்றியவர்களுக்கு அருகில் வந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நார்ச்சத்தில் தொடங்கலாம் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரே விஷயம், அதிலும் எதையும் விடச் சொல்லாத விஷயம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நார்ச்சத்தில் தண்ணீரில் கரைவது, கரையாதது என்று இரண்டு வகை. ஊறவைத்த வெந்தயம், வெண்டைக்காய், ஓட்ஸ் இவற்றில் வழவழப்பாக வருவது கரையும் வகை. வயிற்றுக்குள் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கோதுமைத் தவிடு, கீரைத்தண்டு, பயற்றின் தோல் இவற்றில் அதிகம் இருப்பது கரையாத வகை. மலத்துக்குப் பருமன் தரும். பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது சில கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. அவை குடல் சுவரைத் தூண்டி, ஜிஎல்பி-1 போன்ற, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்களைச் சுரக்கவைக்கின்றன. இப்போது எடை குறைக்கப் போடும் ஊசிகள் போலிசெய்வது இந்த ஜிஎல்பி-1 ஹார்மோனைத்தான். அதற்காகக் கொண்டைக்கடலை ஊசிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மருந்தின் வீரியம் வேறு.

முதல் படி: இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றாலே போதும்.

நம் வீட்டுச் சாதாரண நாள் ஒன்றைக் கணக்குப் போடுவோம். காலையில் நாலு இட்லி: அரிசியும் உளுந்தும் சேர்த்து 4 கிராம். தேங்காய்ச் சட்னியில் ஒரு கிராம். மதியம் 150 கிராம் அரிசியில் வடித்த சோறு: 4 கிராம். சாம்பாரில் இருக்கும் துவரம்பருப்பில் 2. தட்டின் ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல்: 2. ரசத்திலும் மோரிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சாயந்திரம் டீயும் இரண்டு பிஸ்கட்டும்: அரை கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ராத்திரி மூன்று தோசை, சட்னியோடு 5. மொத்தம் 18 சொச்சம்.

இதில் ஒரு விஷயம் தெரிகிறது. கிடைத்த 18-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மாவில் கலந்த உளுந்திலிருந்தும் சாம்பார்ப் பருப்பிலிருந்தும் வந்தது. காய்கறியின் பங்கு பரிதாபம். 'நாங்கள் சைவம், தினமும் காய்கறிதான் சாப்பிடுகிறோம்' என்று சொல்கிற வீடுகளிலும் இதே கதைதான், ஏனென்றால் காய் தட்டில் இருக்கிறதே தவிர அளவில் இல்லை.

மூன்று நாளைக்கு நீங்கள் சாப்பிடுவதை எழுதிவையுங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், அன்றைக்குத்தான் உண்மை வெளியே வரும். சமைக்கும் முன் அரிசியையும் பயற்றையும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தால் போதும். வெந்த சோற்றை நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்துகொண்டு கணக்கைக் கெடுக்கும்.

இரண்டாம் படி: பயற்றில் ஆரம்பியுங்கள்

இருப்பதிலேயே குறைந்த உழைப்பில் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். சமைக்காத நிலையில் 100 கிராமுக்குக் கணக்கு இது: கருப்புக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து. முழு கருப்பு உளுந்தில் 20. முழுப் பாசிப்பயற்றில் 17. தட்டைப்பயற்றில் 11. துவரம்பருப்பிலும் உடைத்த பாசிப்பருப்பிலும் 9 அளவில். அதே பாசிப்பயறுதான், உடைத்துத் தோலை நீக்கியதும் பாதியாகிவிட்டது. தோலோடு இருப்பதை வாங்குங்கள் என்பதைத் தவிர இதில் கற்றுக்கொள்ள வேறொன்றும் இல்லை.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசமே கதி என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொள்ளு நல்ல பயறுதான், புரதம் தாராளமாக இருக்கிறது. ஆனால் நம் உணவுச் சத்துப் பட்டியலில் அதன் நார்ச்சத்து 8 கிராம் அளவுதான், கொண்டைக்கடலையில் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் ரசமாக வைத்து வடிகட்டிக் குடித்தால், வேண்டிய பொருள் வடிகட்டியில் தங்கிவிடும். துவையலாகவோ சுண்டலாகவோ முழுசாகச் சாப்பிடுங்கள்.

ஆளுக்கு 40 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை எடுத்துக்கொண்டால், ஊறி வெந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வரும். அதில் 10 கிராம் நார்ச்சத்து. மேலே போட்ட 18-ஐ இந்த ஒரு கிண்ணம் 28 ஆக்கிவிடும். கூடவே 7 கிராம் புரதம். நவராத்திரி ஒன்பது நாளும் வீடு வீடாக வாங்கிச் சாப்பிடும் சுண்டலை மீதி நாளெல்லாம் ஏன் மறந்துபோகிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

செய்முறை தெரிந்ததுதான் என்றாலும் சில நுணுக்கங்கள் உண்டு. ராத்திரியே தாராளமாகத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குக்கரில் வையுங்கள். வயிறு உப்புசத்துக்குக் காரணமான சில சர்க்கரைகள் அந்தப் பழைய தண்ணீரோடு ஓரளவு போய்விடும். ஐந்தாறு விசில், பிறகு பிரஷர் தானாக அடங்கட்டும். ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள்: தோல் கழன்று தனியாக வழுக்காமல், உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் கடுக்கென்று ஒரு முத்து தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில். அரைவேக்காட்டுக் கடலைதான் ராத்திரி முழுக்க வயிற்றில் உருண்டு, 'எனக்குச் சுண்டல் ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லவைக்கிறது. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். தேங்காய் ஒரு மேஜைக்கரண்டியோடு நிற்கட்டும். மாங்காய் கிடைக்கும் காலத்தில் பொடியாக நறுக்கிப் போட்டால் தேங்காயின் குறை தெரியாது. நிறைய வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளைக்குத் தேவைப்படும்போது தாளித்துக்கொள்ளலாம்.

சாப்பிடும் நேரமும் முக்கியம். நாலு, நாலரை மணிக்கு, அதாவது பஜ்ஜி, மிக்சர் பக்கம் கை போவதற்கு முன். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு மிக்சரையும் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும்.

சுண்டல் பிடிக்காத வீட்டில் அடை இருக்கிறது. வழக்கமான அடைக்கு ஒரு டம்ளர் அரிசி போடுகிறீர்கள் என்றால், அதில் பாதியை எடுத்துவிட்டு முழுப் பாசிப்பயற்றைப் போடுங்கள். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் எப்போதும்போல. மிளகாய், பெருங்காயம், இஞ்சி சேர்த்து, கையில் எடுத்தால் ரவை மாதிரி நெருடும் பதத்தில் நிறுத்திவிடுங்கள், மைய அரைக்க வேண்டாம். ஊற்றும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும். கீரையில் 100 கிராமுக்கு 8 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. இரண்டு அடையில் 10 கிராம் எளிதாகச் சேர்ந்துவிடும். நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயைக் குளம் கட்டுகிற பழக்கத்தை மட்டும் கொஞ்சம் அடக்கவும்.

மூன்றாம் படி: சோற்றைக் குறைக்கும் முன் காயைக் கூட்டுங்கள்

வரிசை மாறினால் வேலை நடக்காது. முதலில் சோற்றைக் குறைத்தால் தட்டு காலியாகத் தெரியும், மூன்றாவது நாளே மனசு கேட்காது. முதலில் காயைக் கூட்டுங்கள், சோறு தானாகக் குறையும்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்தால் ஆளுக்கு 60 கிராம். வேண்டியது ஆளுக்கு 150 கிராம், அதாவது 600 கிராம் காய். இங்கேதான் எல்லாரும் விலையைச் சொல்வார்கள், நியாயம்தான். பீன்ஸ் விலை ஏறும்போது அதைத் தொடவே வேண்டாம். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், வாழைத்தண்டு, முட்டைக்கோஸ், வெண்டைக்காய் என்று அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடப்பது எதுவோ அது. நார்ச்சத்தில் அவரையும் கொத்தவரையும் பீன்ஸுக்குச் சளைத்தவை இல்லை. வாழைப்பூவைக் கள்ளன் எடுத்து ஆய்வதற்குப் பொறுமை வேண்டும், அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவையுங்கள், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஆயட்டும். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் காய்க் கணக்கில் எழுதாதீர்கள்.

காய் இரண்டரை மடங்கானால் எண்ணெயும் இரண்டரை மடங்காகக் கூடாது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல். காயை மூடிபோட்டுத் தண்ணீர் தெளித்து வேகவைத்துவிட்டு, கடைசியில் தாளித்துக் கொட்டுங்கள். கூட்டு வைத்தால் இன்னும் வசதி, காயும் பருப்பும் ஒரே பாத்திரத்தில்.

சாப்பிட உட்கார்ந்ததும் பொரியலில் பாதியைச் சோற்றைப் பிசைவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு வயிறு வேறு பதில் சொல்லும். 150 கிராம் அரிசி சாப்பிட்ட இடத்தில் 100 கிராம் போதுமென்று ஆனால் ஏறக்குறைய 175 கலோரி மிச்சம். கூடுதலாகச் சாப்பிட்ட காயில் ஏறுவது 30, 40 கலோரி. எடை குறைகிற இடம் இதுதான், இதற்கு மேல் ரகசியம் எதுவும் இல்லை.

நான்காம் படி: அரிசி, கோதுமை, சிறுதானியம்

தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கைக்குத்தல் அரிசியில் 4 சொச்சம். வித்தியாசம் பார்த்தால் பெரிதில்லை. ஆனாலும் சென்னையில் கூடுதல் எடையுள்ள 15 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி சாப்பிட்ட நாட்களில் 24 மணி நேர ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. கூடப் பயறும் சேர்த்தபோது இன்னும் சற்று இறங்கியது. கைக்குத்தல் அரிசி பிடித்தால் சாப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம், வெள்ளைச் சோற்றோடு பயற்றையும் காயையும் கூட்டினாலே தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பழைய சோற்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. அது குடலுக்குப் போய் நார்ச்சத்தின் வேலையைச் செய்யும். ஆனால் அளவைப் பாருங்கள். இந்தோனேசியாவில் செய்த ஒரு சோதனையில், அப்போது வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, 24 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம் ஆனது. கூடியது ஒரு கிராம். பழைய சோற்றை ருசிக்காகவும் வெயிலுக்காகவும் தாராளமாகச் சாப்பிடலாம், கூட வைத்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்துக்காகவும். எடை குறைக்கும் மருந்தாக நினைத்து இரண்டு சட்டி சாப்பிட வேண்டாம்.

கேழ்வரகில் 11 கிராம், கம்பில் 11, முழுக் கோதுமை மாவிலும் 11. மைதாவில் 3-ஐத் தொடுவதே பாடு. பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் உள்ள தூரம் அதுதான். கேழ்வரகை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில் ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பூன் மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் மாவே 20 கிராம்தான், நார்ச்சத்து 2 கிராம். அதைச் சல்லடையில் சலித்து, வெல்லம் போட்டு, டம்ளரில் குடித்தால் அதுவும் குறையும். களியாகவோ புட்டாகவோ அடையாகவோ செய்தால் ஒரு வேளைக்கு 75 கிராம் மாவு போகும், 8 கிராம் நார்ச்சத்து கிடைக்கும், மென்று சாப்பிடவும் வேண்டியிருக்கும்.

தினை, சாமை, வரகு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். கடைகளில் வெள்ளை வெளேரென்று, சீக்கிரம் வேகும் என்று விற்பவை அரிசியைப் போலவே நன்றாகத் தீட்டியவை. விலை மட்டும் சிறுதானிய விலை. சற்று மங்கலாக, தவிட்டின் சாயலோடு, கையில் எடுத்தால் லேசாகப் பொடி ஒட்டுவதுதான் வேண்டியது. அது சீக்கிரம் கெடும், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பழத்தைக் கடியுங்கள், குடிக்காதீர்கள்

இங்கிலாந்தில் 1977-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து வருமாறு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். முழு ஆப்பிளைச் சாப்பிட்டு முடிக்க 17 நிமிடம், மசித்த ஆப்பிளுக்கு 6 நிமிடம், ஜூஸுக்கு ஒன்றரை நிமிடம். வயிறு நிறைந்த உணர்வும் அதே வரிசையில்தான் இறங்கியது. மசித்ததில் நார்ச்சத்து முழுசாக இருக்கிறது, யாரும் எடுத்துவிடவில்லை. உடைந்துபோனதால் மெல்லும் வேலை குறைந்தது, அவ்வளவுதான். மிக்ஸியில் அடித்த ஸ்மூத்தியில் நார்ச்சத்து அப்படியே இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பழங்களில் நமக்குக் கிடைக்கும் ராஜா கொய்யா. 100 கிராமுக்கு 8 கிராமுக்கு மேல். ஆப்பிளில் 2.6, வாழைப்பழத்தில் 2 அளவில், ஆரஞ்சில் ஒன்று சொச்சம், தர்பூசணியில் அதுகூட இல்லை. நடுத்தரமான ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலின் நார்ச்சத்து இருக்கிறது. விதையோடு, தோலோடு, வேண்டுமானால் மிளகாய்ப்பொடி உப்போடு. நெல்லிக்காயும் இதே தரம்.

ஆறாம் படி: மெதுவாக ஏற்றுங்கள்

படித்துவிட்டு நாளைக்கே காலையில் அடை, மதியம் கூட்டு, சாயந்திரம் சுண்டல், ராத்திரி சப்பாத்தி என்று இறங்கினால் நாளை மறுநாள் வயிறு மத்தளமாகிவிடும், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் சங்கடம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். வாரத்துக்கு 5 கிராம் கூட்டினால் போதும். முதல் வாரம் பாதிக் கிண்ணம் சுண்டல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாவது வாரம் மதியக் காயைக் கூட்டுங்கள். மூன்றாவது வாரம் ராத்திரி உணவில் கை வையுங்கள். உப்புசம் அதிகமானால் ஏற்றிய இடத்திலேயே நில்லுங்கள், பின்வாங்க வேண்டாம். பாசிப்பயறு கொண்டைக்கடலையைவிடச் சாதுவானது, வாயுத் தொல்லை உள்ளவர்கள் அதில் தொடங்கலாம். முளைகட்டியதையும் லேசாக ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது.

தண்ணீர் இதோடு சேர்ந்தே கூட வேண்டும். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால், மலச்சிக்கல் போவதற்குப் பதில் வந்து சேரும்.

பாக்கெட்டும் பவுடரும்

இந்தியாவில் ஒரு பொருளை நார்ச்சத்து உள்ளது என்று சொல்ல 100 கிராமுக்கு 3 கிராமும், நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்ல 6 கிராமும் இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி ஏற்றுக்கொள்ளும். ஆக, 'ஹை ஃபைபர்' பிஸ்கட் ஒன்றில் 6 கிராம் கிடைக்க ஏறக்குறைய ஒரு பாக்கெட்டையே காலிசெய்ய வேண்டும், அதோடு 450 கலோரி உள்ளே போகும். பிரவுன் பிரெட்டின் பழுப்பு நிறம் சில சமயம் கேரமல் கொடுத்தது. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் முழுக் கோதுமை மாவா மைதாவா என்று பாருங்கள். மைதா முதலில் இருந்தால் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம்.

நார்ச்சத்தைப் பவுடராகக் கரைத்துக் குடிப்பதில் உள்ள குறையை அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு எதேச்சையாகக் காட்டியது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் நார்ச்சத்து இரண்டிலும் சமம். ஆலை உணவில் அது போதாததால் பானத்தில் கரைத்துச் சேர்த்திருந்தார்கள். அப்படியும் ஆலை உணவுக் காலத்தில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பல இருக்கலாம். கரைத்த நார்ச்சத்து மட்டும் அதைத் தடுத்துவிடவில்லை என்பது நிச்சயம்.

இசப்கோல் என்று கடையில் விற்கும் விதை உமிக்கு இதில் ஓர் இடம் உண்டு. மலச்சிக்கலுக்கும் ஓரளவு கொலஸ்ட்ராலுக்கும் நல்லது. பயணத்தின்போது, காய் சரியாகக் கிடைக்காத ஹாஸ்டல் வாழ்க்கையில் கைகொடுக்கும். ஒரு ஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொள்வது ஆபத்து, தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

யார் பொறுத்துப் போக வேண்டும்

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், குடலில் சுருக்கமோ அடைப்போ இருந்தவர்கள், குடலில் தீராத அழற்சி உண்டாக்கும் க்ரோன் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நார்ச்சத்தை ஏற்றக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறு, கீரை, பழம் இவற்றோடு வரும் பொட்டாசியம் பிரச்சினையாகலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்துப் பயற்றைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. முதல் வாரங்களில் அடிக்கடி சோதித்துக்கொண்டு, மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் இசப்கோலோடு சேர்த்து விழுங்க வேண்டாம், சில மணி நேர இடைவெளி தேவை. சிறு குழந்தைகளுக்கு நம் அளவு பொருந்தாது: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2 முதல் 5 வயது வரை 15 கிராம், 6 முதல் 9 வரை 21. சின்ன வயிற்றை நாரால் நிரப்பினால் மற்ற சத்துக்கு இடமிருக்காது.

எடை நகரவில்லை என்றால்

வாரத்தில் ஒரே நாள், காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பிறகு எடை பாருங்கள். தினமும் ஏறி நிற்க வேண்டாம், உப்பும் தண்ணீரும் ஆட்டிவைக்கும் எண் அது. அதைவிட இடுப்புச் சுற்றளவு நம்பகமானது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 என்பது எல்லைக்கோடு. பிஎம்ஐ, அதாவது கிலோ கணக்கில் எடையை மீட்டர் கணக்கில் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண், 23-ஐத் தாண்டினாலே நமக்குக் கூடுதல் எடைதான்.

ஆறு வாரமாகியும் டேப்பில் மாற்றமில்லை என்றால், முதலில் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள். மாதத்துக்கு வாங்கும் எண்ணெயை வீட்டில் உள்ள தலைகளால் வகுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் வருகிறது என்றால், நாளுக்கு 250 கலோரிக்கு மேல் அதிலிருந்தே போகிறது. பொரித்த எண்ணெயில் மிஞ்சிக் கொட்டுவதைக் கழித்தாலும் நிறையத்தான். அடுத்து டீ, காபியில் சேரும் சர்க்கரை, அதுவும் நாளுக்கு நாலைந்து டம்ளர் என்றால். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சுண்டல் சாப்பிட்டதால் பசி தள்ளிப்போய், பத்து மணிக்கு டிவி முன்னால் அதே நாலு தோசை போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சுண்டல் கூடுதல் உணவாகிவிட்டது, எதன் இடத்தையும் பிடிக்கவில்லை. ஒரு தோசையைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கூட்டு வையுங்கள், நேரத்தை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், இன்னொரு மூன்று வாரம் கழித்து டேப்பை எடுங்கள்.